கேமரா விளம்பரத்தில் குடும்பம் நடத்தியவள்

மருத்துவமனை வாசலுக்கு எதிர்க் கட்டிடத்தின் மொட்டை மாடியில் சிலர் நின்று ஒரு பெரிய பேனரைக் கயிறு கட்டிக் கீழே இறக்கிக்கொண்டிருந்தார்கள். பேருந்திலிருந்து இறங்கியவள் சும்மா நிமிர்ந்து பார்த்தாள். சுருள் பிரியப் பிரிய, முதலில் ஓர் ஆணின் படிய வாரிய தலை வந்தது. அப்புறம் அவன் கண்கள். அப்புறம் பக்கத்தில் ஒரு பெண்ணின் நெற்றி.

அந்த நெற்றியைப் பார்த்ததுமே அவள் நின்றுவிட்டாள். இனி என்ன வரும் என்பது அவளுக்கு மனப்பாடம். பெண்ணின் சிரிப்பு வரும். அவள் கையில் ஒரு கேமரா வரும். மடியில் சொர்க்கத்தையே கண்டுவிட்ட முகத்தோடு ஒரு சின்னப் பையன் வருவான். அவன் காலை ஒட்டினாற்போல, பெண்ணின் மடி மேல், கேமராவின் தோல் பை வரும். எல்லாவற்றுக்கும் கீழே, 'இன்றைய சிரிப்பு என்றைக்கும் உங்களுடையது' என்ற வரி வரும். எல்லாம் வரிசை தப்பாமல் வந்தன. புதிதாக ஒரு வரியும் சேர்ந்திருந்தது. பழைய ஃபிலிம் கேமராக்கள் கிடைக்கும் கடை, விரைவில் திறக்கிறார்களாம்.

படத்தில் சிரித்துக்கொண்டிருந்தவளுக்கு இருபத்தொரு வயது. கீழே சாப்பாட்டுப் பையோடு நின்றவளுக்கு ஐம்பத்தைந்து முடிந்துவிட்டது. இரண்டு பேரும் ஒருத்தியே என்று அந்தத் தெருவில் யாருக்கும் தெரியவில்லை. கண்டுபிடிக்க எத்தனை நாள் ஆகும் என்று மனசுக்குள் கணக்குப் போட்டபடி அவள் வேலைக்குப் போனாள்.

மருத்துவமனையின் துணியறை அவள் பொறுப்பு. தரைத்தளத்தில், சலவைக் கூடத்துக்குப் பக்கத்தில், ஜன்னல் இருந்தும் வெளிச்சம் வராத ஓர் அறை. படுக்கை விரிப்பு, தலையணை உறை, நோயாளிகளின் அங்கி, அறுவைக் கூடத்துப் பச்சைத் துணி எல்லாம் அங்கே வந்துதான் வார்டுக்குப் போகும். கிழிந்ததைத் தைப்பாள், தைக்க முடியாததைத் துடைதுணியாக வெட்டுவாள். மூலையில் ஒரு தையல் இயந்திரம். அதன் மிதியும் அவள் முழங்காலும் இப்போதெல்லாம் ஒரே மாதிரி முனகுகின்றன. 'துணியறை அக்கா' என்றால் காவலாளி முதல் பெரிய டாக்டர் வரை எல்லாருக்கும் தெரியும். இந்தப் பெயரைச் சம்பாதிக்க அவள் பட்ட பாடு கொஞ்சமில்லை. இதற்கு முன்னால் வேறு பெயர் இருந்தது. 'கேமராக்காரர் பெண்டாட்டி.'

அந்தக் கதையைச் சொல்லிவிடலாம்.

இளவயதில் அவள் ஒரு தையல் கடையில் வேலை பார்த்தாள். கடைக்காரர் விளம்பரக் கம்பெனி ஒன்றுக்கு உடை தைத்துக் கொடுப்பார். கேமரா விளம்பரத்துக்கு வரவேண்டிய மாடல் பெண்ணின் உடம்பளவு அச்சு அசலாக இவளுடையது. அதனால் உடையை இவள் மேல் போட்டுப் பார்த்தே தைத்து முடித்தார்கள். படம் எடுக்கும் இடத்தில் இடுப்பைப் பிடிக்கவோ நீளத்தை இறக்கவோ வேண்டியிருக்கும் என்று இவளையும் ஊசி நூலோடு அனுப்பி வைத்தார்கள். அங்கே போனால் மாடல் பெண்ணுக்குப் பொன்னுக்கு வீங்கி. கன்னம் இரண்டும் பலூன் மாதிரி ஆகிவிட்டதால் வரமாட்டாள் என்று ஆள் வந்து சொல்லிவிட்டுப் போனான். ஸ்டுடியோவை வாடகைக்கு எடுத்தாகிவிட்டது. உள்ளேயே பகலை உண்டாக்குகிற அத்தனை விளக்குகளும் எரிகின்றன. விளம்பரக்காரர் தலையைப் பிய்த்துக்கொண்டே சுற்றி வந்தவர், ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தவளைப் பார்த்தார். நூல் கோப்பதற்குள் அவளை உடை மாற்ற வைத்து நாற்காலியில் உட்கார்த்தியாகிவிட்டது.

புருஷனாக உட்கார்ந்தவர் அந்தக் கம்பெனியின் கணக்கர். முகவெட்டு இருந்ததால் பிடித்துப் போட்டுவிட்டார்கள். பிள்ளையை விளக்குப் பிடிப்பவர் தன் பக்கத்து வீட்டிலிருந்து கேட்டு வாங்கி வந்திருந்தார், சாயங்காலம் திருப்பிக் கொடுத்துவிடுவதாகச் சொல்லி. மூன்று பேரும் அதுவரை ஒருவரை ஒருவர் பார்த்ததில்லை. கையில் கொடுத்த கேமராவில் ஃபிலிம் கூடக் கிடையாது. மத்தியானத்துக்குள் குடும்பம் உருவாகி, குடும்பம் சிரித்து, குடும்பம் கலைந்தும் போய்விட்டது.

கலையாதது படம் ஒன்றுதான். அது நாட்காட்டியில் வந்தது. ஒவ்வொரு ஸ்டுடியோ வாசலிலும் தகரப் பலகையாகத் தொங்கியது. கழுவின படங்களைப் போட்டுக் கொடுக்கும் உறையின் மேல் வந்தது. புதிதாக விற்கிற பிரேம்களில், உள்ளே சொந்தப் படம் வைக்கும் வரைக்கும் இருக்கட்டும் என்று மாதிரியாக இதைத்தான் செருகி விற்றார்கள். யார் வீட்டுக் கல்யாணப் படமானாலும், எந்தக் குழந்தையின் முதல் படமானாலும், இவர்கள் மூன்று பேரும் முதலில் வந்து சிரித்துவிட்டுத்தான் உள்ளே இருந்தவர்களுக்கு வழி விட்டார்கள்.

முதல் மாதம் அவளுக்குப் பெருமையாகத்தான் இருந்தது. இரண்டாம் மாதம் பெண் கேட்டு ஒரு குடும்பம் வந்தது. மாப்பிள்ளையின் அம்மா இவளைப் பார்த்தாள், கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தாள். உங்கள் பெண்ணும் மருமகனும் பேரனும் எங்கள் வீட்டு நாட்காட்டியில் இருக்கிறார்களே என்று அப்பாவிடம் கேட்டாள். விளம்பரம் என்று அப்பா விளக்கினார். விளம்பரத்துக்காக எந்தப் பெண்ணாவது அடுத்தவன் பக்கத்தில் பிள்ளையோடு போய் உட்காருவாளா என்றாள் அந்த அம்மாள். சோப்பு விளம்பரத்தில் தனியாக நின்றிருந்தால்கூடப் பரவாயில்லையாம்.

அடுத்து வந்தவர்கள் நம்பினார்கள். நம்பிவிட்டு, தங்கள் சொந்தக்காரர்கள் நம்பமாட்டார்கள் என்று எழுந்துகொண்டார்கள். மூன்றாவதாக வந்த மாப்பிள்ளை நல்ல மாதிரிதான். தனியாகப் பேச வேண்டும் என்றான். பேசினான். போகும்போது தயங்கித் தயங்கி, "அவர் இப்போ எங்க இருக்கார்?" என்று கேட்டான்.

"யாரு?"

"அதான், அந்த கேமராக்காரர்."

அவள் எழுந்துவிட்டாள். அன்றைக்கு அப்பாவிடம் போய், இனி யாரையும் வரச் சொல்லாதீர்கள் என்று சொல்லிவிட்டாள். அந்தக் கணக்கரைத் தேடிப் பிடித்து நாலு பேர் முன்னால் உண்மையைச் சொல்ல வைக்கலாம் என்று அப்பா துடித்தார். கணக்கரோ கடல் தாண்டி வேலைக்குப் போய், அங்கே நிஜமாகவே கல்யாணம் செய்துகொண்டுவிட்டார். அவள் வேண்டாம் என்றாள். நான் செய்யாத கல்யாணத்தை நான் செய்யவில்லை என்று எதற்காக நிரூபிக்க வேண்டும் என்று கேட்டாள். ரோஷம் என்றார்கள். ரோஷம்தான். அந்த ரோஷத்தைச் சாப்பிட்டே பல வருஷம் ஓடிவிட்டது. அப்பா போனார். தம்பி படித்தான், வேலைக்குப் போனான், கல்யாணம் செய்துகொண்டான். அவன் பிள்ளைகளுக்குச் சட்டை தைத்தாள், பள்ளிக்கூடப் பை தைத்தாள். தனக்கென்று தைக்க எதுவும் மிஞ்சவில்லை.

ஆனால் ஜனங்களின் வாய் மட்டும் ஓயவே இல்லை. பேருந்தில் பக்கத்தில் உட்காருகிறவள் உற்றுப் பார்ப்பாள். அட, நீங்களா, பையன் எப்படி இருக்கான் என்பாள். ஆரம்பத்தில் மூச்சு வாங்க விளக்கம் சொன்னாள். சொல்லி முடித்ததும் அவர்கள் கண்ணில் ஒரு பரிதாபம் தெரியும், ஏதோ நடக்கக் கூடாதது நடந்துவிட்டதை மறைக்கிறாள் என்பது போல. ஒரு நாள் அலுத்துப் போய், நன்றாகப் படிக்கிறான் என்று சொல்லிப் பார்த்தாள். கேட்டவள் சந்தோஷமாக இறங்கிப் போய்விட்டாள். அன்றையிலிருந்து அதுவே பழகிவிட்டது. வருஷா வருஷம் பையனை வகுப்பு மாற்றினாள். ஒரு தடவை அம்மை போட்டது. கல்லூரியில் சேர்த்தாள், இன்ஜினியர் ஆக்கினாள். கடைசியில் கேட்டவள் மருத்துவமனையின் வார்டு ஆயா. அவளிடம், வெளிநாட்டில் வேலையாக இருக்கிறான் என்று பையனை விமானமே ஏற்றிவிட்டாள். அதோடு ஃபிலிம் கேமராக்களும் மறைந்தன, தகரப் பலகைகளும் துருப்பிடித்து விழுந்தன, கேள்விகளும் நின்றன. அவள் முகம் மாறிவிட்டது. தலை வெளுத்தது. நாட்டிலுள்ள எல்லார் வீட்டுக்கும் போய் வந்தவள் ஒருவழியாக யாருக்கும் தெரியாதவள் ஆனாள். அப்பாடா என்றிருந்தது.

அந்த அப்பாடாவில்தான் ஆம்புலன்ஸ் டிரைவர் வந்து சேர்ந்தார்.

வேறு கிளையிலிருந்து மாற்றலாகி வந்தவர். மனைவி இறந்து வருஷங்கள் ஆகிவிட்டன. ஒரே மகள், மருந்துக் கடையில் வேலை, கல்யாணமாகி அடுத்த தெருவிலேயே இருக்கிறாள். மற்ற டிரைவர்கள் ஸ்ட்ரெச்சர் விரிப்பைச் சுருட்டித் துணியறை வாசலில் எறிந்துவிட்டுப் போவார்கள். இவர் மட்டும் ரத்தக்கறை பட்ட விரிப்பைக் கூடக் கறை உள்பக்கம் போகும்படி நாலாக மடித்துக் கையில் கொடுப்பார். அழுக்குத் துணியை எதற்கு மடிக்கிறீர்கள், எப்படியும் வெளுக்கத்தானே போகிறது என்று அவள் ஒரு நாள் கேட்டாள். அதில் படுத்து வந்தவர்கள் உங்களுக்குத் தெரிந்தவர்களாக இருந்தால் என்றார் அவர். அதற்குப் பிறகு அவர் வருகிற நேரத்தில் அவள் தையல் இயந்திரத்தை நிறுத்தி வைக்க ஆரம்பித்தாள்.

பேச்சு என்று பெரிதாக எதுவுமில்லை. அவர் முழங்கால், இவள் முழங்கால், சலவைக் கூடத்துப் புழுக்கம், வண்டியின் பிரேக். ஒரு நாள் விரிப்பைக் கொடுத்துவிட்டு நகராமல் நின்றார்.

"வீட்ல தனியா உக்காந்து சாப்பிட்டா, நான் மெல்ற சத்தம் எனக்கே கேக்குது" என்றார். "நீங்க எதிர்ல இருந்தா அது கேக்காதுன்னு தோணுது."

அவள் கையிலிருந்த தலையணை உறையை மடித்தாள், பிரித்தாள், மறுபடி மடித்தாள். இந்த வயசில் என்ன இது என்று சொல்ல வாயெடுத்தாள். அது மட்டும் வரவில்லை. அவர் அவசரப்படுத்தவில்லை. ஞாயிற்றுக்கிழமை அவள் இருக்கிற தம்பி வீட்டுக்கு மகளோடு வருவதாகவும், அன்றைக்குப் பதில் சொன்னால் போதும் என்றும் சொல்லிவிட்டுப் போனார். அன்று மாலை அவள் தம்பியிடம் விஷயத்தைச் சொன்னாள். தம்பி மனைவி அடுக்களையிலிருந்து கரண்டியோடு ஓடி வந்து அவள் கன்னத்தைக் கிள்ளினாள். ஐம்பத்தைந்து வயதுக் கன்னத்தை ஒருவர் கிள்ளி அவள் கண்டதில்லை. ராத்திரி படுத்தபோது, இந்த முறை எதுவும் குறுக்கே வராது என்று நினைத்துக்கொண்டாள். விதி எங்கேயோ நின்று அதைக் கேட்டிருக்க வேண்டும். மறுநாள்தான் எதிர்க் கட்டிடத்தில் பேனர் தொங்கியது.

ஒரே நாளில் அது ஊர்ப் பேச்சாகிவிட்டது. பழசுதான் இப்போது புதுசு. நர்ஸ் பயிற்சிக்கு வந்த பெண்கள் எதிரே போய் நின்று, அந்தப் படத்தைப் போலவே மடியில் பையை வைத்துக்கொண்டு படம் எடுத்துக்கொண்டார்கள். அந்தக் காலத்துக் குடும்பங்களில்தான் எவ்வளவு அன்பு, புருஷன் பெண்டாட்டியைப் பார்க்கிற பார்வையைப் பார் என்று துணியறையில் உட்கார்ந்தே பேசிக்கொண்டார்கள். அவள் இயந்திரத்தை வேகமாக மிதித்தாள்.

வீட்டில் தம்பி மனைவி சாப்பாடு போட்டுக்கொண்டே ஆரம்பித்தாள்.

"இந்தப் படம் உங்களை விடாது போலிருக்கே அண்ணி. முப்பது வருஷத்துக்கு மேல அதே புருஷன், அதே புள்ளை. புருஷன்னா அவர்தான். இத்தனை வருஷத்துல ஒரு தடவை வாயைத் திறந்திருக்காரா? எனக்கு வாய்ச்சதும் இருக்கே."

தம்பி தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தான். சிரிக்கச் சொன்னதுதான். ஆனால் அவள் தட்டை நகர்த்தி வைத்தாள். டிரைவரின் மகள் பேனருக்கு எதிரே இருக்கும் மருத்துவமனை வாசல் வழியாகத்தான் அப்பாவுக்குச் சாப்பாடு கொண்டு வருகிறாள் என்பது அவளுக்குத் தெரியும். முதலில் மாப்பிள்ளையின் அம்மா. இப்போது மாப்பிள்ளையின் மகள். படம் மாறவில்லை, பார்க்கிறவர்கள்தான் மாறுகிறார்கள்.

பயந்தது நடந்தது. இரண்டு நாள் கழித்து டிரைவர் விரிப்போடு வந்தார். முகம் சரியில்லை. மகள் ஞாயிற்றுக்கிழமை வரமாட்டேன் என்கிறாளாம். துணியறை அம்மாவுக்குக் குடும்பம் இருக்கிறது, நன்றாக விசாரியுங்கள் என்று மட்டும் சொல்கிறாளாம், மேலே எதுவும் சொல்ல மறுக்கிறாளாம். யாரோ எதையோ உளறியிருக்கிறார்கள், நான் பேசிச் சரி செய்கிறேன் என்றார். அவள் தலையாட்டினாள். எத்தனை தடவை இந்தத் தலையாட்டல். உண்மையைச் சொல்ல ஒரு வாக்கியம் போதும். ஆனால் அந்த வாக்கியத்தைத் தூக்கி வெளியே வைக்கிற தெம்பு அவளிடம் இல்லை. இளமையில் அது ரோஷமாக இருந்தது. இப்போது வெறும் களைப்பு.

மறுநாள் மத்தியானம் மகளே வந்தாள். இடுப்பில் இரண்டு வயதுப் பெண் குழந்தை. நாற்காலியைக் காட்டியும் உட்காரவில்லை.

"உங்க பையன் வெளிநாட்டுல எந்த ஊர்ல இருக்கார்?"

"எனக்குப் பையன் கிடையாதும்மா."

"பேனர்ல இருக்கறது நீங்கன்னு வார்டு ஆயாம்மாதான் காட்டினாங்க. அவங்ககிட்ட நீங்கதான் சொல்லியிருக்கீங்க. இன்ஜினியர்னு கூடச் சொன்னாங்களே."

அவள் ஊசியிலிருந்து துணியை எடுத்தாள். நூலைக் கத்தரித்தாள். மறுப்பதற்கு ஒன்றுமில்லை.

"சொன்னேன். இல்லைன்னு சொன்னப்போ ஒருத்தரும் நம்பல. இருக்கான்னு சொன்னேன், உடனே நம்பினாங்க. எனக்கும் அலுத்துப் போச்சு."

"அப்போ இப்ப இல்லைங்கறதை மட்டும் நான் எப்படி நம்பறது? எங்கப்பா சூதுவாது தெரியாதவர். ஒருத்தி புருஷனையும் புள்ளையையும் விட்டுட்டு வந்திருக்கான்னா அதுக்கு என்ன காரணமோ, எனக்கு வேண்டாம். எங்கப்பாவுக்கு இன்னொரு தடவை வீடு வெறிச்சுனு ஆகக் கூடாது."

கோபத்தில் தொடங்கிய குரல் கடைசியில் உடைந்துவிட்டது. அதைக் கேட்டதும் துணியறைக்காரிக்கு அந்தப் பெண் மேல் இருந்த பயம் போய்விட்டது. இவள் குற்றம் சாட்ட வரவில்லை, காவலுக்கு வந்திருக்கிறாள். தனக்கு இப்படிக் காவல் நிற்க ஒரு பெண் இருந்திருந்தால் என்று ஒரு நினைப்பு வந்தது. அதை ஒதுக்கிவிட்டு, போனில் அந்தப் படம் இருக்கிறதா என்று கேட்டாள். இருந்தது. எல்லார் போனிலும்தான் இருந்தது.

"பையன் முகத்தைப் பெரிசு பண்ணு. நீ புள்ளை பெத்தவ. நல்லாப் பாத்துச் சொல்லு, அவன் என்ன பண்ணிட்டிருக்கான்?"

மகள் விரலால் படத்தை விரித்தாள். சொர்க்கத்தையே கண்டுவிட்ட அந்த முகம் திரை நிறைய வந்தது. பாதி மூடிய கண்கள், லேசாகத் திறந்த வாய், எங்கேயோ நிலைத்த பார்வை. பார்த்துக்கொண்டே இருந்தவளின் உதட்டோரம் முதலில் துடித்தது. இடுப்பிலிருந்த குழந்தையைப் பார்த்தாள், மறுபடி படத்தைப் பார்த்தாள்.

"ஒண்ணுக்குப் போறான்" என்றாள்.

"என் மடியில. அதை மறைக்கத்தான் அந்தப் பை."

"சொந்த அம்மாவா இருந்தா எழுந்து ஓடியிருப்பாளே."

"நானும் எழுந்திருக்கப் பாத்தேன். இப்பதான் முகம் அருமையா இருக்கு, அசையாதீங்கன்னுட்டாங்க. விளக்குச் சூட்டுல அது காயற வரைக்கும் அப்படியே உக்காந்திருந்தேன். அவன் யார் வீட்டுப் புள்ளை, பேரு என்ன, எதுவும் தெரியாது. சாயங்காலம் திருப்பிக் கொடுத்துட்டாங்க."

மகள் அதற்குள் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டிருந்தாள். புருஷனின் பார்வையைப் பற்றியும் கேட்டாள். அது சோடாபுட்டிக் கண்ணாடியைக் கழற்றிய பார்வை என்றாள் துணியறைக்காரி. பக்கத்தில் ஒரு பெண் இருக்கிறாள் என்று குரலை வைத்துத்தான் அந்த மனிதருக்குத் தெரியும், குத்துமதிப்பாகப் பார்த்தார், அது கொஞ்சம் என் பக்கம் அமைந்துவிட்டது என்றாள். நாடே மெச்சிய அந்தக் காதலைக் கேட்டு மகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். ஏன் சிரிக்கிறார்கள் என்று தெரியாமலே குழந்தையும் சிரித்தது. அந்த அறையில் இப்படிச் சிரிப்புச் சத்தம் கேட்டதே இல்லை. சலவைக் கூடத்திலிருந்து ஓர் ஆள் எட்டிப் பார்த்துவிட்டுப் போனான்.

சிரிப்பு ஓய்ந்ததும் மகள் கண்ணைத் துடைத்துக்கொண்டு மன்னிப்புக் கேட்டாள். போகிற போக்கில், அன்பாகத்தான், ஒன்று சொன்னாள்.

"எங்க வீட்டு ஷோகேஸ்லயே நீங்க இருக்கீங்க, தெரியுமா? அம்மா வாங்கின பிரேம். எங்க படம் எதுவும் அந்த அளவுக்குச் சேரலைன்னு உள்ள இருந்ததை அப்படியே விட்டுட்டாங்க. சின்ன வயசுல நான் உங்களை ஏதோ பெரியம்மான்னு நெனச்சிருந்தேன். அப்பா இன்னைக்கு வரைக்கும் அதைத் துடைச்சுத் துடைச்சு வெக்கிறார். அதான் உங்களைப் பாத்ததும் அவருக்குப் பிடிச்சுப் போச்சு போல."

குழந்தையைத் தூக்கிக்கொண்டு அவள் போய்விட்டாள். துணியறைக்காரி அப்படியே உட்கார்ந்திருந்தாள்.

ஒரு கதவு திறந்து மறு கதவு சாத்திக்கொண்ட மாதிரி இருந்தது. இத்தனை காலம் அந்தப் படம் வாசலில் நின்று வருகிறவர்களையெல்லாம் விரட்டியது. இப்போது ஒருவரைக் கையைப் பிடித்து உள்ளே கூட்டி வந்திருக்கிறது. இரண்டில் எது மோசம்? அன்றைக்கு வந்தவர்கள் படத்தைப் பார்த்துவிட்டுத் தன்னை வேண்டாம் என்றார்கள். இவர் படத்தைப் பார்த்துவிட்டுத் தன்னை வேண்டும் என்கிறார். தன்னைப் பார்த்தது யார்? செத்துப் போன மனைவியின் கைபட்ட பிரேமுக்குள் இருக்கிற இருபத்தொரு வயதுக்காரியைத்தான் அந்த மனிதர் எதிரே உட்கார்த்திச் சாப்பிட ஆசைப்படுகிறார். அந்தச் சிரிப்பை இவள் எங்கே போய்க் கொண்டுவருவாள்? அது அன்றைக்கே, ஈரம் காய்வதற்குள் முடிந்துபோன சிரிப்பு. ஒரு நாள் இன்னொருத்தியின் உடையை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தது போதும். மிச்ச ஆயுளையும் அப்படி உட்கார முடியாது.

வேலை முடிந்ததும் முகம் கழுவிக்கொண்டு ஆம்புலன்ஸ் நிற்கும் கொட்டகைக்குப் போனாள். வேண்டாம் என்று சொல்லத்தான் போனாள். வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. டிரைவர் வண்டியின் பின்கதவைத் திறந்து வைத்து, உள்தரையைத் துடைத்துக்கொண்டிருந்தார். இவளைக் கண்டதும் எழுந்து, துணியைத் தோளில் போட்டுக்கொண்டார். மகள் போன் செய்தாளாம். ஞாயிற்றுக்கிழமை வருகிறாளாம். என்ன நடந்தது என்று கேட்டால் சிரிக்கிறாளே தவிரச் சொல்லவில்லையாம். அவளிடம் என்ன சொன்னீர்கள் என்று கேட்டார்.

அவள் தான் வந்த விஷயத்தை எடுத்தாள்.

"உங்க வீட்டு ஷோகேஸ்ல ஒரு படம் இருக்காமே."

"எது, அந்த கேமராப் படமா? ஆமா, இருக்கு. சம்சாரம் ஆசையா வாங்கின பிரேம். தூசி பட்டா மனசு கேக்காது. ஏன்?"

"அதே படம்தான் எதிர் கட்டிடத்துல தொங்குது."

அவர் கொட்டகை வாசலுக்கு வந்து, கையைப் புருவத்துக்கு மேல் வைத்து நிமிர்ந்து பார்த்தார். வெகு நேரம் பார்த்தார். அட ஆமாம், தினமும் இந்த வழியாகத்தான் வண்டியை ஓட்டுகிறேன், ரோட்டைத் தவிர எதையும் பார்ப்பதில்லை என்றார்.

"அதுல இருக்கிறது யாருன்னு தெரியுதா?" என்றாள். குரல் நடுங்காமல் கேட்டுவிட்டதே அவளுக்கு ஆச்சரியமாக இருந்தது.

"யாரோ மாடல் பொண்ணு. ஏன், உங்களுக்குத் தெரிஞ்சவங்களா?"

"நான்தான்."

அவர் படத்தைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். மறுபடி படத்தைப் பார்த்தார். பிறகு, ஒரு நோயாளியிடம் பேசுகிற பதமான குரலில் சொன்னார்.

"இன்னைக்கு உங்களுக்கு வேலை ரொம்ப ஜாஸ்தியோ?"

"நிஜமாத்தான் சொல்றேன்."

"சும்மா இருங்க. மூக்கே வேற. வருஷக்கணக்கா அதைத் துடைக்கிறவன் நான், எனக்குத் தெரியாதா?" என்றவர், வாதத்தை முடிப்பதற்காக இன்னும் ஒரு தடவை பேனரைப் பார்த்தார். "அந்தப் பொண்ணு முகத்துல ஒண்ணுமே இல்லீங்க. கழுவிக் கவுத்த தட்டு மாதிரி இருக்கு. உங்க முகம் அப்படியா?"

"என் முகத்துல என்ன இருக்கு?"

அவர் தோளில் கிடந்த துணியை எடுத்துக் கையைத் துடைத்தார். ஏற்கெனவே துடைத்த கையைத்தான் துடைத்தார்.

"நிறைய இருக்கு. எனக்குச் சொல்ல வராது."

அவள் வண்டியின் பின்படியில் உட்கார்ந்துகொண்டாள். நாட்டில் அத்தனை பேருக்கும் அவளைத் தெரிந்திருந்தது. பேருந்தில், கடைத்தெருவில், பெண் கேட்டு வந்த கூடத்தில், எல்லாரும் அவளை அடையாளம் கண்டார்கள். அந்த முகத்தை வீட்டிலேயே வைத்துக் கை நோகத் துடைத்த ஒரு மனிதருக்கு மட்டும், நேரில் பார்த்து இத்தனை மாதமாகியும், அது இவள் என்று தோன்றவேயில்லை. சொன்னாலும் நம்பவில்லை. இது நானில்லை, இது நானில்லை என்று பாதி ஆயுளைத் தொலைத்தவளிடம், அது நீ இல்லை என்று ஒருவர் அடித்துச் சொல்கிறார். அழுகை வரும் போலிருந்தது. அதற்குக்கூடத் தெம்பில்லாமல் உட்கார்ந்திருந்தாள்.

நிரூபிப்பது சுலபம். தம்பியைக் கேட்கச் சொல்லலாம். மகளுக்கு ஒரு போன் போட்டால் போதும். ஞாயிற்றுக்கிழமை எப்படியும் அந்தப் பெண் சிரித்துக்கொண்டே எல்லாவற்றையும் போட்டு உடைக்கத்தான் போகிறாள். அன்றைக்கு இவர் வாய் பிளந்து நிற்கட்டும், அது அன்றைய கூத்து. இன்றைக்கு எதிரே தொங்குகிற அந்தப் பெண்ணுக்காகப் பேச அவளுக்கு ஒரு வார்த்தையும் மிச்சமில்லை.

"சரி, அது நான் இல்லை" என்றாள்.

"அதானே பாத்தேன்" என்று அவர் வாளித் தண்ணீரைச் சாக்கடையில் கவிழ்த்தார். அவள் எழுந்து போகவில்லை என்பதைக் கவனித்து, தானும் கொஞ்சம் தள்ளிப் படியின் அந்த ஓரத்தில் உட்கார்ந்தார். ஞாயிற்றுக்கிழமை எத்தனை மணிக்கு வரலாம் என்று கேட்டார்.

மத்தியானச் சாப்பாட்டுக்கே வந்துவிடுங்கள் என்றாள் அவள்.